அலங்காரம் இழுத்துவிட்ட பெல்ட்

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. வேலை செய்யும் இடத்தில் அவர் அலங்காரம். புது வண்டிகளைத் தடுப்பில் மோதவிட்டு, உள்ளே இருப்பவர் பிழைப்பாரா மாட்டாரா என்று தரம் போடுகிற சோதனைக்கூடம் அது. மோதப்போகும் வண்டிக்குள் மனிதரையா உட்கார வைக்க முடியும்? பொம்மைகளை உட்கார வைப்பார்கள். அந்தப் பொம்மைகளுக்குச் சட்டை மாட்டி, ஷூ போட்டு, முகத்திலும் முழங்காலிலும் வர்ணம் பூசி, பெல்ட் கட்டி அனுப்பி வைப்பவர் இவர். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. அலங்காரம் என்று பெயர் வைத்தவர்கள் எல்லாம் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், பெயர் மட்டும் இவரோடு தங்கிவிட்டது.

பொம்மை என்றதும் கடையில் தொங்குகிற சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். பெரியவர் எழுபத்தெட்டு கிலோ. எஃகில் விலா எலும்பு, ரப்பரில் தோல், உள்ளே எங்கு பார்த்தாலும் சென்சார். சின்னவள் ஐம்பது கிலோ கூட இல்லாத, குள்ளமான பெண் பொம்மை. அலங்காரம் குடியிருக்கும் வீட்டைவிட இவர்கள் ஒவ்வொருவருக்கும் விலை அதிகம். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் இவர்களுடைய மூட்டுகளை முறுக்கி வைக்க வேண்டும். கையை நீட்டிவிட்டால் அப்படியே நிற்க வேண்டும், ஒரு விரலால் தட்டினால் விழ வேண்டும். அந்தப் பக்குவம் அலங்காரத்துக்கு அத்துபடி. ஆனால் ஐம்பத்தெட்டு வயதில் அவருடைய சொந்த மூட்டுகளில் பக்குவம் எதுவும் மிச்சமில்லை. கையை நீட்டினால் யாரும் தட்டாமலே விழுகிறது.

அலுத்துப்போயிருந்தார். வேலை பிடிக்காமல் இல்லை. வண்டிக் கதவுக்குள் பாதி உடம்பை நுழைத்து, இடுப்பை ஒடித்து, ஐம்பது கிலோவை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தி உட்கார வைத்து, மறுநாள் அதே உடம்பை நொறுங்கிய கதவு வழியாக வெளியே இழுத்துத் துடைத்து வைக்கிற வேலையை இத்தனை வருடம் செய்தால் யாருக்கும் அலுக்கும். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. ஒரு தகராறும் இல்லாமல் அந்த ஏழு மாதத்தைத் தள்ளிவிட்டால் போதும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

மனைவி துணிக்கடை ஒன்றில் ஆல்டரேஷன் தைப்பவள். புருஷன் வேலை பார்க்கும் இடத்துக்கு அவள் வைத்திருந்த பெயர் சின்ன வீடு.

"என்ன, சின்ன வீட்டுல இன்னிக்கு ரொம்ப நேரமோ? அவளுக்குப் பவுடர் போட்டு முடியலையா?" என்று கேட்பாள்.

"அவ வாயே திறக்க மாட்டா. அந்த நிம்மதி இங்க எங்க?" என்பார் இவர்.

வேடிக்கை என்னவென்றால், அவளும் சின்னவளும் ஒரே உயரம், ஒரே எடை. இதை அவர் வீட்டில் சொன்னதில்லை. சொல்லிவிட்டு மிச்ச நாளை ஓட்ட முடியாது.

மகன் தரைக்கு டைல்ஸ் பதிப்பவன். பழைய வண்டி உட்கார்ந்துவிட்டதால் நாலு கதவு வைத்த பிக்கப் ஒன்று வாங்க நினைத்தான். ரொம்பப் பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை, நடுத்தரம். பின்னால் சுமை ஏற்றலாம், குடும்பமும் போகலாம். தினமும் காலையில் அம்மாவைக் கடையில் இறக்கிவிட்டுப் போவது அவன்தான். முன் சீட்டில் அவனுடைய மட்டம் பார்க்கும் கருவிப் பெட்டி மகாராஜா மாதிரி உட்கார்ந்துகொள்ளும், அம்மா பின் சீட்டு. "அப்பா இடத்துல அடிச்சுப் பாக்கட்டும், அப்புறம் வாங்குறேன்" என்று காத்திருந்தான்.

அந்த வண்டி சோதனைக்கு வந்தது. பெரியவர் ஓட்டுநர் இடத்தில், அவருக்குப் பின்னால் சின்னவள். காலையிலிருந்து அலங்காரம் இரண்டு பேரையும் உட்கார வைத்துக்கொண்டிருந்தார். பெல்ட் கட்டுவதற்கு விதி இருக்கிறது. மாட்ட வேண்டும், தளர்வு போக இழுக்க வேண்டும், கையை எடுத்துவிட வேண்டும். பெல்ட் தானாக எங்கே உட்காருகிறதோ அங்கேதான் இருக்க வேண்டும். ஜனங்கள் அப்படித்தான் கட்டுகிறார்கள், வண்டி அவர்களைத்தான் காப்பாற்ற வேண்டும். அளந்தார், தாளில் எழுதினார். கடைசியாக வர்ணம். எந்த இடம் எதில் போய் மோதியது என்று பிறகு தெரிய வேண்டுமே. சின்னவளின் இடது முழங்காலுக்குச் சிவப்பு, வலதுக்கு நீலம். முடித்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

மணிக்கு அறுபத்து நாலு கிலோமீட்டரில் வண்டி போய் மோதியது.  தூசி அடங்கியதும் பார்த்தார்கள். தரம் நாலு வகை: நல்லது, பரவாயில்லை, சுமார், மோசம். முன் சீட்டு நல்லது. பின் சீட்டும் நல்லது. இந்த ரக வண்டிகளில் பின் சீட்டு தேறுவதே அபூர்வம். பெல்ட் இடுப்பெலும்பிலிருந்து நழுவி வயிற்றுக்கு ஏறிவிடும், உள்ளே குடல் ஈரல் எல்லாம் போய்விடும். இதில் ஏறவில்லை. தலைமைப் பொறியாளரான மேடம் திரையை இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பதும் அபூர்வம்தான்.

முடிவு வெளியாகும்வரை பெற்ற தாயிடம்கூடச் சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டவர் அலங்காரம். அன்று மாலை வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சாய்ந்தவரிடம் மனைவி கேட்டாள்.

"அந்த வண்டி எப்படி?"

"பின் சீட்டு நல்லா இருக்கு. ஆளை விடு."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மறுநாள் மகன் வண்டியைப் பதிவு செய்துவிட்டான்.

மூன்று வாரம் கழித்து வண்டி வீட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று கிளம்பினார்கள். புது சீட்டின் வாசனை, மகனுக்கு வாயெல்லாம் பல். பின் சீட்டில் மனைவி பெல்ட் மாட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அலங்காரத்தின் கை தானாகப் போயிற்று. கட்டைவிரலைப் பெல்ட்டுக்கு அடியில் கொடுத்து, வயிற்றிலிருந்து இடுப்பெலும்புக்குக் கீழே இழுத்துவிட்டது.

பதினொரு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன். தையல் போட்ட இடத்தில் பெல்ட் உரசும், அவள் பல்லைக் கடிப்பாள். அன்றிலிருந்து எந்த வண்டியில் ஏறினாலும் அவர்தான் இப்படி இழுத்துவிடுவார். தையல் ஆறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை. இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதும் இல்லை.

கை திரும்பி மடிக்கு வரும்போதுதான் அவருக்கு உறைத்தது. இதே சீட்டு. இதே பெல்ட். இதே உயரம். அன்றைக்கும் வர்ணம் பூசி முடித்து வெளியே வரும்போது, இந்தக் கை இப்படிப் போயிற்றா?

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. புது வண்டி வாசனை, தலை சுத்துது."

திங்கட்கிழமை முதல் வேலையாக, மோதுவதற்கு முன்னால் எடுத்த படங்களைத் திறந்தார். சின்னவளின் மடியைப் பெரிதாக்கினார். பெல்ட்டின் ஓரத்தில், இடுப்பெலும்புக்கு நேராக, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நீலத் தீற்றல். வலது முழங்காலின் நீலம். சோதனை முடிந்து பெல்ட்டைப் பார்த்தபோதும் அந்தத் தீற்றல் கண்ணில் பட்டதுதான். வர்ணக்காரன் வேலையில் வர்ணம் ஒட்டியிருந்தால் யாருக்குச் சந்தேகம் தோன்றும்? தாளில் எழுதிய அளவு இழுப்பதற்கு முன்னால் எடுத்தது. ஆகவே தாள் சுத்தம், படத்தில் இருப்பதும் வெறும் வர்ணக் கறை. அவர் வாயைத் திறக்காதவரை இது ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை முடிவு வெளியாக இருந்தது. நாலு நாள் அவர் சோறு இறங்காமல் திரிந்தார். சொன்னால் இன்னொரு வண்டி வாங்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். இருபத்திரண்டு வருடப் பேர் ஒரே நாளில் போய்விடும். சொல்லாவிட்டால் மிச்ச மாதங்கள் கழிந்துவிடும். நம் வீட்டு ஆளுக்குத்தான் நாம் இருக்கிறோமே, இழுத்துவிட்டுக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தார். அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டார். வெட்கப்பட்டபடியே மறுபடியும் நினைத்தார்.

வியாழன் மாலை மனைவியிடம் சொல்லிவிட்டார். அவள் ஊசியில் நூலைக் கோத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ அவளுக்கும் இழுத்து விட்டிருக்கீங்க."

"தெரியாம கை போயிருச்சு."

"எனக்குன்னு நீங்க பண்றது இந்த ஒண்ணுதான். அதையும் கொண்டுபோய் சின்ன வீட்டுல குடுத்துட்டீங்களா?" நிஜமாகவே கோபம் வந்திருந்தது அவளுக்கு. நூலை இழுத்து முடிச்சுப் போட்டாள். பிறகு நிமிர்ந்தாள். "தினம் காலையில நான் உங்க பையன்கூடப் போறேன். நீங்க அந்நேரம் உங்க வேலையில இருப்பீங்க. அப்ப யாரு இழுத்து விடுவா?"



மறுநாள் காலை அலங்காரம் மேடத்தின் மேசை மேல் படத்தை வைத்தார். நீலத் தீற்றலைக் காட்டினார். மனைவியின் ஆபரேஷனிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். மேடம் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் தேய்த்துக்கொண்டார். அவரும் களைத்த மனுஷிதான்.

"இன்னிக்குச் சாயங்காலம் வெளிவரப் போகுது அண்ணே."

"தெரியும் மேடம்."

"இது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாதுல்ல?"

"என் வீட்டுக்காரிக்குத் தெரியும். பின் சீட்டு நல்லா இருக்குன்னு முன்னாடியே வீட்டுல உளறினதும் நான்தான்."

மேடம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு போனை எடுத்து வெளியீட்டை நிறுத்தச் சொன்னார். விசாரணை, விளக்கக் கடிதம் எல்லாம் வந்தன. வேலை போகவில்லை, பேர்தான் போயிற்று. வண்டிக் கடையிலிருந்து அதே ரகத்தில் இன்னொரு வண்டி வாங்கி வரப்பட்டது. இந்தத் தடவை அலங்காரம் சின்னவளை உட்கார வைத்தபோது கண்காணிக்க ஒருவர் பக்கத்தில் நின்று அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் வயது அவருக்கு. பெல்ட்டை மாட்டி, தளர்வு போக இழுத்து, கையை எடுத்தார் அலங்காரம். வயிற்றுக்குக் கொஞ்சம் கீழே, இடுப்பெலும்பின் விளிம்பில் அது அரைமனதாக உட்கார்ந்தது. வர்ணம் பூசினார். வெளியே வரும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அப்படி வெளியே வருவதற்கு அந்த இடுப்பு என்ன பாடு பட்டது என்பது அவருக்குத்தான் தெரியும்.

மோதியது. கதவை நெம்பித் திறந்தபோது சின்னவள் சீட்டில் பாதி கீழே வழுக்கிக் கிடந்தாள். பெல்ட் வயிற்றுக்குள் புதைந்து விலாவைத் தொட்டுக்கொண்டிருந்தது. அலங்காரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஐம்பது கிலோ, குள்ளம், தலையைச் சாய்த்த விதம். வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். யாரும் பக்கத்தில் வரவில்லை. வந்திருந்தால் அவருக்குப் பிடித்திருக்காது.

"ஒரே ஒரு இழுப்பு, நல்லதுக்கும் மோசத்துக்கும் அவ்வளவுதான் தூரம்" என்றார் மேடம், திரையைப் பார்த்தபடி. அது குற்றச்சாட்டா, வியப்பா என்று அலங்காரத்துக்குப் புரியவில்லை.

முன் சீட்டு நல்லது, பின் சீட்டு மோசம் என்று வெளியானது. செய்தியைப் பார்த்துவிட்டு மகன் குதித்தான்.

"உங்க வார்த்தைய நம்பித்தானேப்பா வாங்கினேன்! இப்ப இதை வச்சு நான் என்ன பண்றது?"

"திட்டுடா. நல்லா திட்டு" என்றார் அலங்காரம். வேறு என்ன சொல்ல?

வழி கண்டுபிடித்தது மனைவிதான். கருவிப் பெட்டியைத் தூக்கிப் பின் சீட்டில் வைத்துக் கயிற்றால் கட்டச் சொன்னாள். "மகாராஜா கொஞ்ச நாள் பின்னாடி வரட்டும்" என்று சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். அன்று சோதனைக்கூடத்தில் வேலை மதியத்துக்கு மேல்தான். அவளைக் கடையில் விட்டுவரும் வழியில் தன்னை மருத்துவரிடம் இறக்கிவிடச் சொல்லியிருந்தார் அலங்காரம், இடுப்பைக் காட்ட. அவருக்கு மீதியிருந்த இடம் பெட்டிக்குப் பக்கத்தில், பின் சீட்டு.

உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். முன்னால் அவள் பெல்ட் மாட்டுகிற சத்தம் கேட்டது. கை வழக்கம்போலக் கிளம்பியது. நடுவில் சீட்டு முதுகு. எட்டவில்லை. மடிக்குத் திரும்பி வந்து சும்மா கிடந்தது. இந்தக் கைக்கு இனி என்ன வேலை என்று நினைத்தார்.

மகன் சாவியைத் திருப்பினான்.

"நில்லுடா" என்றாள் அவள். பெல்ட்டைக் கழற்றிக் கீழே இறங்கினாள். பின் கதவைத் திறந்து பாதி உடம்பை உள்ளே நுழைத்தாள். அவருடைய பெல்ட்டுக்கு அடியில் கட்டைவிரலைக் கொடுத்து, தொப்பையிலிருந்து இடுப்பெலும்புக்குக் கீழே இழுத்துவிட்டாள்.

"எனக்கு எதுக்கு?" என்றார் அவர்.

"பொம்மையா லட்சணமா பேசாம உக்காருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.