பத்திரிகை வைக்காத உறவு

வெர்லீன் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவளுடைய சிரிப்பு. சலவை அறைக்குள் அவள் வருவதற்கு முன்பே சிரிப்பு வந்துவிடும். இப்போது அவள் மட்டும்தான் வருகிறாள்.

எங்கள் ஆன்டிகுவா தீவின் மேற்குக் கடற்கரையில் இருக்கும் அந்த ரிசார்ட்டில் நானும் அவளும் ஒரே மழைக்காலத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் சலவைக்கு, அவள் வில்லாக்களைச் சுத்தம் செய்ய. அது டைம்ஷேர் இடம். ஒரு வில்லாவை ஆளுக்கொரு வாரமாகப் பிரித்து வெளிநாட்டுக்காரர்கள் வாங்கி வைத்திருப்பார்கள். சனிக்கிழமை காலையில் ஒரு குடும்பம் கிளம்பும், மதியம் அடுத்த குடும்பம் வந்து இறங்கும். ஒவ்வொரு வருஷமும் அதே வாரம், அதே முகங்கள். செருப்பையும் தொப்பியையும்கூட அலமாரியில் பூட்டிவைத்துவிட்டுத்தான் ஊருக்குப் போவார்கள்.

கடலை ஒட்டிய கடைசி வில்லாவில் பிப்ரவரி நடு வாரம் அமெரிக்காவில் மிச்சிகனிலிருந்து வரும் ரஸ், ஜோன் தம்பதிக்குச் சொந்தம். குழந்தை இல்லாதவர்கள். வெர்லீனின் மகள் ஷெர்மெய்ன் பால் பற்கள் விழுந்த வயதிலிருந்தே அவர்களுக்குப் பழக்கம். அவளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்ததே ரஸ்தான். ஜோன் வந்து இறங்கியதும் வெர்லீனைக் கட்டிக்கொண்டு, "கேக் எங்க?" என்றுதான் கேட்பாள். உலர்ந்த பழங்களை மாதக்கணக்கில் ரம்மில் ஊறவைத்து வெர்லீன் செய்யும் கறுப்பு கேக். கிறிஸ்துமஸுக்குச் செய்வதில் ஒரு துண்டை அவர்களுக்கென்று பிப்ரவரிவரை காப்பாற்றி வைப்பாள். சொந்தப் புருஷனுக்கே அதில் கை வைக்க அனுமதி கிடையாது.

"நீ எங்க குடும்பம், வெர்லீன்," என்பாள் ஜோன். "ஷெர்மெய்ன் கல்யாணம் இந்த வராந்தாவுலதான் நடக்கணும். நாங்க முன் வரிசையில உக்காந்து அழணும்."

ஒவ்வொரு வருஷமும் சொன்னாள். பின்வாசல் வழியாகத் துடைப்பத்தோடு நுழையும் பெண்ணுக்கு அந்த வார்த்தை என்னவாக இருந்திருக்கும்! முன்வாசல் வழியே பட்டுச் சட்டையோடு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த வராந்தாவில் ஏறுவதை அவள் மனதுக்குள் எத்தனையோ முறை நடத்திப் பார்த்துவிட்டாள்.

ஷெர்மெய்னுக்கு ஓரின் என்ற பையனோடு நிச்சயமானது. அந்த பிப்ரவரியில் ஜோனிடம் வெர்லீன் நேரிலேயே சொன்னாள். அடுத்த வருஷம், இதே வாரம், புதன்கிழமை. ஜோன் வாய் நிறையக் கேக்கோடு கைதட்டி அழுதாள். நான் குளியல் துண்டுகளை அடுக்கிக்கொண்டு அங்கேதான் நின்றேன். என் கண்ணும் கலங்கியது.

ஷெர்மெய்னுக்கு டிசம்பரில் செய்துகொள்ள ஆசை. ஓரினின் அண்ணன் கப்பலிலிருந்து லீவில் வருவது டிசம்பரில்தான்.

"அம்மா, அந்த வாரம் அவங்களோடது. நம்மளோடது இல்ல," என்றாள்.

"வாய மூடுடி. உனக்கு நீச்சல் கத்துக் குடுத்த மனுஷன் இல்லாம உனக்குக் கல்யாணமா?"

அண்ணன் இல்லாத கல்யாணத்துக்கு ஓரினும் தலையாட்டினான். அவனுடைய அம்மா மிஸ் அயாந்தி மட்டும் தலையாட்டவில்லை. (எங்கள் ஊரில் கல்யாணமான பெண்களையும் மரியாதைக்கு 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவோம்.) "வெள்ளக்காரங்க லீவு பாத்து என் வீட்டுக் கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறாளா உன் அம்மா? சரி, பாப்போம்," என்றாள் ஷெர்மெய்னிடம்.

அழைப்பிதழ் அச்சாகி வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பத்திரிகை வெளி ஆட்களுக்குத்தான். குடும்பத்துக்கு வாயால் சொல்வதுதான் மரியாதை. சித்திக்கோ மாமனுக்கோ பத்திரிகை நீட்டினால், "நான் என்ன அந்நியமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். வெர்லீன் மேனேஜருக்குப் பத்திரிகை கொடுத்தாள், பாதிரியாருக்குக் கொடுத்தாள், வாசல் காவலாளிக்கும் கொடுத்தாள். ஜோனுக்கு அனுப்பவில்லை. ஜோன் குடும்பம் அல்லவா?

அந்தச் சனிக்கிழமை வந்தது. வெர்லீன் வில்லாவைக் கண்ணாடிபோல் துடைத்து, வராந்தாத் தூண்களில் காகிதப்பூக் கொடியைச் சுற்றிக் கட்டியிருந்தாள். ரிசார்ட் வண்டி வந்து நின்றது. ஓடிப்போய்க் கையை விரித்தாள்.

இறங்கியது வேறு யாரோ. சிவந்த முகத்தோடு ஓர் ஆள், அவன் மனைவி, மூன்று பிள்ளைகள்.

"இந்த வில்லா எங்களுக்குத்தானே?" என்றான் அவன். பூக்களைப் பார்த்து, "நல்லா இருக்கே! எல்லாருக்கும் இப்படிச் செய்வீங்களா?"

வரவேற்பில் இருக்கும் ரோஸ்லின்தான் விஷயத்தைச் சொன்னாள். "ரஸ்ஸும் ஜோனும் இந்த வருஷம் வாரத்த மாத்திக்கிட்டாங்க அக்கா. அவங்க வாரத்த இவங்களுக்குக் குடுத்துட்டு, பதிலுக்கு மெக்சிகோவுல ஒரு வாரம் எடுத்துக்கிட்டாங்க. எப்ப வேணா மாத்திக்கலாமே, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். எத்தனையோ பேர் மாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் மகள் கல்யாணத்தை யாராவது மாற்றிக்கொள்வார்களா?

சலவை அறையில், என் எதிரில் நின்றுதான் வெர்லீன் போன் செய்தாள். ஜோனின் குரல் எனக்கும் கேட்டது. பின்னால் ஏதோ பாட்டுச் சத்தம்.

"அய்யோ வெர்லீன், செல்லம்! இந்த வாரமா? பத்திரிகை எதுவும் வரலையே! வந்திருந்தா ஞாபகம் இருந்திருக்கும். நான் என்னமோ பேச்சுக்குச் சொன்னேன்னு நினைச்சேன்... சரி, போட்டோ நிறைய அனுப்பு, என்ன?"

"அனுப்புறேன்," என்றாள் வெர்லீன். போனைக் கீழே வைத்துவிட்டு, சூடாக இருந்த படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். நான் அதை அவள் கையிலிருந்து வாங்கவேண்டியதாயிற்று.

வந்த குடும்பத்திடம் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். ஷெர்மெய்ன் என்னை முறைத்தாள். "அத்த, என் கல்யாணத்துக்கு நான் யார்கிட்டயும் வாசல் கடன் கேக்க மாட்டேன்."

புதன்கிழமை, சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் ஞாயிறு பள்ளிக் கூடத்தில் கல்யாணம் நடந்தது. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளினோம். கரும்பலகையில் யாரோ பிள்ளை வரைந்த நோவாவின் கப்பல் அழியாமல் இருந்தது. அதற்கு முன்னால்தான் ஷெர்மெய்ன் மோதிரம் போட்டுக்கொண்டாள். ஓரினின் அண்ணன் எந்தக் கடலிலோ இருந்தான். முன் வரிசையில் இரண்டு நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. எடுத்துவிடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மிஸ் அயாந்தி விசிறிக்கொண்டே, கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். "ஏம்மா வெர்லீன், உன் மிச்சிகன் சொந்தக்காரங்க இன்னும் வந்து சேரலையா? விமானம் லேட்டோ?"

சிலர் சிரித்தார்கள். வெர்லீன் எழுந்து போய் கேக்கை வெட்டத் தொடங்கினாள். மகள் அன்று முழுவதும் தாயிடம் ஒரு கடுமையான வார்த்தை பேசவில்லை. போட்டோ எடுக்கும்போது மட்டும், தாய் தோளில் வைத்த கையை மெதுவாக எடுத்துக் கீழே விட்டாள். நான் பார்த்தேன். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

அடுத்த பிப்ரவரியில் ரஸ்ஸும் ஜோனும் வந்தார்கள். வண்டியிலிருந்து இறங்கியதும் ஜோன் வெர்லீனைக் கட்டிக்கொண்டாள்.

"என் தங்கமே! கேக் எங்க?"

"இந்த வருஷம் செய்யல மிஸ் ஜோன்." வெர்லீன் சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். "ஷெர்மெய்னுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. புதன்கிழமை ஞானஸ்நானம். பத்திரிகை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜோனுக்கோ முகமெல்லாம் பூரிப்பு. "ரஸ், இங்க பாரேன்! நமக்குப் பத்திரிகை வச்சிருக்கா! எவ்வளவு அழகா அச்சடிச்சிருக்காங்க!" ஓடிப்போய் அதைக் குளிர்பெட்டியின் கதவில் காந்தப் பொத்தானால் ஒட்டினாள்.

புதன்கிழமை அவர்கள் வரவில்லை. படகுப் பயணத்துக்கு முன்பே பேர் கொடுத்திருந்தார்களாம். ஞாயிறு பள்ளிக் கூடத்தில் இந்த முறை காலி நாற்காலி எதுவும் கிடையாது. வெர்லீனே முன்கூட்டி வந்து ஆட்களுக்குத் தக்கபடி எண்ணிப் போட்டிருந்தாள்.

சனிக்கிழமை அவர்கள் கிளம்பியபின், அழுக்கு விரிப்புகளை எடுக்க நான் வில்லாவுக்குப் போனேன். செருப்பு, தொப்பி, கடல் சிப்பி எல்லாவற்றையும் அலமாரியில் பத்திரமாகப் பூட்டிவைத்திருந்தார்கள். பத்திரிகை மட்டும் குளிர்பெட்டிக் கதவிலேயே இருந்தது.

அங்கே சுத்தம் செய்துகொண்டிருந்த வெர்லீன் அதை எடுத்தாள். பேத்தியின் பெயரை ஒருமுறை படித்தாள். குப்பைப் பையில் போட்டுவிட்டு, அது ஒட்டியிருந்த இடத்தை ஈரத் துணியால் துடைத்தாள்.

"சீக்கிரம் விரிப்ப எடு," என்றாள் என்னிடம். "மதியம் அடுத்தவங்க வராங்க."