நாகலாபுரத்து மாடி ஜன்னல்

"கொஞ்சம் அசையாம நில்லும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் நவநீதகிருஷ்ணன் படம் எடுப்பார்.

கோவில்பட்டியிலிருந்து ஸ்கூட்டரில் டீத்தூள் பாக்கெட்டுகளைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கடைகளுக்குப் போடுகிறவர், வயது ஐம்பத்திரண்டு. குடியை விட்ட மறுநாள் ஆரம்பித்த பழக்கம் இது. நாளுக்கு ஒரு பழைய கட்டடம், ஒரே ஒரு படம். அன்றைக்கே முகநூலில் போட்டுவிடுவார். "கைக்கு ஒரு வேல குடுக்கணும்லா. இல்லன்னா அது பாட்டுக்குப் போயிரும்" என்பார். காரை உதிர்ந்த பஞ்சுக் கிட்டங்கி, ஓடு சரிந்த தீப்பெட்டி ஆபீஸ் என்று அறுநூறு நாள் தாண்டிவிட்டது. படத்தில் ஆள் விழக்கூடாது. ஆடு குறுக்கே வந்தாலும் அது போகும்வரை வெயிலில் நிற்பார்.

சித்திரையில் ஒருநாள், நாகலாபுரத்தில் பூட்டிக்கிடந்த மாடி வீட்டை உச்சிவெயிலில் எடுத்துப் போட்டார். சாயங்காலம் படத்தைப் பார்த்துவிட்டு, எப்போதும்வென்றான் ஊரிலிருந்து வனிதா என்றொரு பெண் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, அந்த மாடி ஜன்னல்ல நிக்குதவிய எங்கம்மா. ரேஷன் கடைக்குன்னு போனவிய, நாலு வருசமாக் காணும். அந்தச் செவப்புக் கட்டம் போட்ட சேல நான் எடுத்துக் குடுத்தது."

"ஆளு இருந்தா நான் எடுக்கவே மாட்டேன், தாயி."

படத்தைப் பெரிதாக்கினார். இருட்டான ஜன்னலில் கட்டம் போட்ட சேலையின் ஓரம். கம்பியைப் பிடித்த நான்கு விரல்கள்.

மறுநாள் இருவரும் அந்த வீட்டின் முன் நின்றார்கள். நேற்றுத் திறந்திருந்த ஜன்னல் உள்ளிருந்து சாத்தியிருந்தது.

"வீட்டுக்காரர் கோயம்புத்தூர்ல" என்றார் எதிர்க் கடைக்காரர் கருப்பசாமி. "எப்பவாச்சும் உள்ள பெருக்குத சத்தம் கேக்கும். எலியா இருக்கும்னு விட்டுருவோம்." வீட்டுக்காரரிடம் போனில் கேட்டுவிட்டு, கருப்பசாமியே பின்வாசலைக் காட்டினார். தாழ் துருவேறி உடைந்திருந்தது.

மாடிப்படியில் விரல் கனத்துக்குப் புழுதி. இவர்கள் மிதிக்கும்வரை அதில் ஒரு தடமும் இல்லை. மேலே அறைத் தரை மட்டும் சுத்தமாக இருந்தது. விளக்குமாற்றுக் கோடுகள்கூடத் தெரிந்தன. ஜன்னலடியில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர். வனிதா விரலை விட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

"யம்மா" என்று ஒரே ஒருமுறை கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, நெசமாவே நீங்க பாக்கலையா?"

"பாக்கல." அவருக்கே அது பொய்போலக் கேட்டது.

வீடு முழுக்கத் தேடினார்கள். கிணற்றையும் எட்டிப் பார்த்தார்கள். பிற்பகல் பஸ்ஸில் வனிதா கிளம்பினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த மாடியையே பார்த்துக்கொண்டு போனாள்.

கருப்பசாமி ஒரு புதுப் பூட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "பின்னாலயும் பூட்டிரச் சொல்லுதாரு வீட்டுக்காரர்."

நவநீதகிருஷ்ணன் பின்வாசலுக்குப் போனார். குனிந்து ஒரு கல்லைப் புரட்டி, காற்றில் கதவு சாத்திக்கொள்ளாதபடி முட்டுக்கொடுத்துவிட்டு, பூட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.