கமலா மட்டும் சிரிக்கும் பேனர்

இன்று மார்க்கெட்டில் கச்சேரி பேனர் ஒன்றுக்காகச் சண்டை போட்டு, பாய்ந்த வேகத்தில் வேட்டி அவிழ்ந்து நின்றேன். வயது ஐம்பத்திரண்டு. பூக்காரம்மா மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கமலா-ராணி ஜோடியைத் தெரியாதவர் திருத்தணியில் உண்டா? காவடிப் பாட்டில் கமலா தமிழில் ஓர் அடி பாடுவார். ராணி தெலுங்கில் பதில் கொடுப்பார். நமக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். இந்த ஆடிக் கிருத்திகை பேனரில் கமலா மட்டும் சிரிக்கிறார்.

“ராணியம்மா எங்கய்யா?” என்று பேனர் கட்டிக்கொண்டிருந்த விழாக் கமிட்டிக்காரரைக் கேட்டேன்.

“அந்தம்மா சும்மா பதில் பாட்டுதானேங்க? கூட்டம் கமலாம்மாவுக்குத்தான் வருது.”

சும்மாவா! இவர் வீட்டில் பதில் பேச ஆளில்லாமல் ஒருநாள் இருந்து பார்க்கட்டும். பேனரைக் கிழிப்பேன் என்று பாய்ந்தேன். வேட்டி போனது அப்போதுதான்.

விடுவேனா? எங்கள் தெருவிலேயே இருக்கும் ராணியம்மாவுக்கு, ஊரே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போன் போட்டேன்.

“அக்கா, பேனர்ல உங்களை வெட்டிட்டாங்க! வந்து நியாயம் கேளுங்க!”

“ஏன் நைனா கத்திகினு கீற? அன்னிக்கு எனக்கு ஆந்திரா பக்கம் நகரியில கச்சேரி.”

“அப்போ இங்க தெலுங்கு அடியை யாருக்கா பாடுவாங்க?”

“அத்த கமலாவக் கேளு. எனக்குச் சோறு அடுப்புல கீது.”

கமிட்டிக்காரர் என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கத்தியது நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். நகரி பேனரை அக்கா இப்போதுதான் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதில் கமலா இல்லை.