ஏழாவது பத்தி

1

செய்தி வந்தபோது நான் டெல்லி அலுவலகத்தில் வேறொரு கோப்புக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். வடக்கு எல்லையில் ஒரு மலை போஸ்ட் பனிச்சரிவில் மூடிப்போய்விட்டது. அங்கே காவலில் இருந்த நான்கு பேரில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள். ஒருவரை மட்டும் உயிரோடு தோண்டி எடுத்திருக்கிறார்கள். பக்கத்து மேஜைக்காரர் இதைச் சொன்னதும் போஸ்ட்டின் பெயரைக் கேட்டேன். அவர் சொன்ன பிறகு என்னால் மேற்கொண்டு ஒரு வரி எழுத முடியவில்லை.

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஓய்வு பெற்றாலும் அரசு ரகசியக் கட்டுப்பாடு போகாது.

பாதுகாப்புக் கொள்கை ஆலோசகர் என்றால் என் ஊரான சுரண்டையில் நான் ஏதோ துப்பாக்கியோடு திரிகிறவள் என்று நினைப்பார்கள். என் வேலை குறிப்பு எழுதுவது. எந்த போஸ்ட் தேவை, எது தேவையில்லை, எங்கே ஆள் வேண்டும், எங்கே கேமரா போதும் என்று படித்து, பார்த்து, விசாரித்து நோட் ஷீட்டில் எழுதுவேன். அது மேலே போகும். முடிவெடுப்பது வேறு ஆட்கள்.

சரிவு நடப்பதற்கு முந்தின கோடையில் அந்த போஸ்ட்டுக்கு நேரில் போயிருந்தேன். ஹெலிகாப்டரில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்த சுபேதார் என்னைக் கூடாரத்துக்குப் பின்னால் கூட்டிப்போய் மேலே கை காட்டினார். தலைக்கு மேல் செங்குத்தாக ஒரு சரிவு. அதற்கு முந்தின இரண்டு குளிர்காலங்களிலும் பனி வந்து கூடாரத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறது. பாறையில் அதன் தடம் இருந்தது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்.

டெல்லி திரும்பி எழுதிய குறிப்பில் ஏழாவது பத்தி இதுதான்: "குளிர்காலத்தில் இங்கே ஆட்களை வைத்திருக்கக் கூடாது. கீழே உள்ள போஸ்ட்டிலிருந்தே கண்காணிக்க முடியும். வைத்திருந்தால் உயிரிழப்பு ஏற்படும்."

2

என் மேலதிகாரி சென்னைக்காரர். கெட்டவர் இல்லை. என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கேட்காமலே லீவு கொடுத்தவர். குறிப்பைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கும்மா. 'கூடாது'ன்னு எழுதினா, அப்ப இத்தனை வருஷம் ஏன் வெச்சிருந்தீங்கன்னு மேல கேப்பாங்க. 'ஆட்களைக் குறைப்பது பற்றி உரிய நேரத்தில் பரிசீலிக்கலாம்'னு மாத்திடு. அர்த்தம் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்ல சார்."

"எனக்கும் தெரியும். ஆனா இப்படி எழுதினாதான் ஃபைல் நகரும். நாளைக்குப் போகணும்."

பதவி உயர்வுக்காக மாற்றினேன் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சுலபமாக இருக்கும். உண்மை அதைவிடச் சாதாரணமானது. எனக்குக் களைப்பாக இருந்தது. அந்த வாரத்தில் அவரோடு நடந்த நான்காவது விவாதம் அது. முந்தின மூன்றிலும் தோற்றிருந்தேன். மாற்றிக் கொடுத்தேன். கையெழுத்தும் போட்டேன்.

கோப்பு நகர்ந்தது. யாரும் எதையும் பரிசீலிக்கவில்லை. உரிய நேரம் வருவதற்கு முன்னால் பனி வந்துவிட்டது.

பிறகு விசாரணை நடந்தது. கோப்பை எடுத்துப் பார்த்தார்கள். "இந்த ஆபத்தை யாரும் முன்கூட்டியே அறிந்திருக்கவில்லை" என்று அறிக்கை முடிந்தது. கோப்பின்படி அது சரிதான். அறிந்திருந்த ஒருத்தி அதைத் தன் கையாலேயே அழித்திருந்தாள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் போய்ச் சொல்லவில்லை. இன்னும் பல வருடங்கள் அதே நாற்காலியில் குறிப்பு எழுதி, ஓய்வு பெற்றுத் தென்காசிக்கு வந்தேன்.

3

போன சீசனில் குற்றாலத்தில் முன்னாள் படைவீரர்கள் ஒரு கூட்டம் வைத்தார்கள். எல்லைப் பாதுகாப்பு பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். வெளியே சாரல், மண்டபத்தில் ஈரத் துண்டு வாசனை. பேசி முடித்ததும் கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். பெயர் சுடலைமுத்து என்றார். அந்த போஸ்ட்டின் பெயரைச் சொன்னார்.

"அங்கன பொதைஞ்சு கெடந்து பொழைச்சது நான்தான் மேடம். கால் வெரல் ஒண்ணும் இல்ல. கேள்வில்லாம் இல்ல. டெல்லில இருந்தவங்களுக்கு அந்தப் பேரு தெரிஞ்சிருக்கும்லா, அதான் சொன்னேன்."

மூன்று நாள் கழித்து, அவர் இருக்கிற இடத்தை விசாரித்துக்கொண்டு, பஸ் ஏறிப் புளியறைக்குப் போனேன். மாநில எல்லை செக்போஸ்ட் தாண்டுவதற்கு முன்னால் லாரிக்காரர்களுக்காக அவர் ஒரு புரோட்டா கடை வைத்திருந்தார். பகல் கூட்டம் குறைந்திருந்தது. எதிரே உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் எழுதிய பத்தியையும் திருத்திய பத்தியையும் வார்த்தை பிசகாமல் சொன்னேன்.

அவர் மேஜையை ஒருமுறை துடைத்தார்.

"அப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியும் தம்பி."

"டெல்லில இருக்கவங்களுக்கு எங்க நெலமயே தெரியாதுன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன். தெரியாதவங்க மேல கோவப்பட்டு என்ன செய்யன்னு விட்டுட்டேன். இப்பம் வந்து தெரியும்ங்கீங்க."

ஒரு லாரி வந்து நின்றது. எழுந்து, விந்தி விந்திப் போய், அவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். போகவில்லை. லாரி கிளம்பிய பிறகு வந்து உட்கார்ந்தார்.

"செத்ததுல ஒருத்தன் கோமதிநாயகம். நம்ம பக்கத்துப் பயதான். அவங்க அப்பா இங்க திருவேங்கடத்துல இருக்காரு. அவருகிட்டயும் போய்ச் சொல்லப் போறீங்களா?"

"சொல்லணும்னுதான் நினைக்கேன்."

"வேண்டாம். உங்க பாரத்த எறக்கணும், எங்கிட்ட எறக்கியாச்சு. அதத் தூக்கி அந்த மனுசன் தலையில வைக்காதீங்க. யாருக்கும் தெரியாம நடந்துபோச்சுன்னுதான் அவரு சோறு திங்காரு."

நான் கிளம்ப எழுந்தேன்.

"சொல்லணும்னா, யாருக்கும் தெரியாதுன்னு எழுதி முடிச்சாங்கள்லா, அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தென்காசி பஸ் வந்ததும், "ஏறுங்க, அடுத்தது லேட்டாகும்" என்று மட்டும் சொன்னார்.

4

அரசுப் பணிக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் குறிப்பை ஏற்காமல் இருக்க மேலதிகாரிக்கு அதிகாரம் உண்டு. தாராளமாக மறுக்கட்டும். ஆனால் அதை அவர் தன் கையால், தன் பெயரில், உங்கள் குறிப்புக்குக் கீழே எழுதட்டும். உங்கள் பத்தியை நீங்களே திருத்திக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால், அந்தக் கோப்பில் எதிர்த்தவர் என்று ஒருவர்கூட மிஞ்ச மாட்டார். களைப்பாக இருந்தால் ஒருநாள் லீவு போடுங்கள். களைப்போடு கையெழுத்துப் போடாதீர்கள்.

திருவேங்கடத்துக்கு நான் போகவில்லை. பழைய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். விசாரணை அறிக்கையின் முடிவு தவறு, ஆபத்து எனக்குத் தெரியும், எழுதியிருந்தேன், பிறகு நானே மாற்றினேன் என்று பெயர், பதவி போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாக அட்டை வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. மறுபடி எழுதினேன். அதற்கும் அட்டைதான்.

அந்தக் கடிதம் இப்போது எந்த மேஜையில் இருக்கும், அதன்மேல் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். "உரிய நேரத்தில் பரிசீலிக்கலாம்." அப்படி எழுத அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. இந்த வாரம் மூன்றாவது கடிதம் எழுத வேண்டும்.