மகேனிக்குப் போன படகு

லுசாகாவில் எங்கள் அலுவலகத்தில் நசிலேலேயை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்து பனா முபீத்தா, அதாவது முபீத்தாவின் அம்மா. ஓடிக்கொண்டிருக்கும் எதையும் நிறுத்தப் பிடிக்காத பிறவி. பேச்சும் அதில் சேர்த்திதான்.

அவர் வேலைக்கும் அந்தக் குணம் ஒத்துப்போனது. எங்களிடம் ஒவ்வொரு பெரிய சர்வருக்குள்ளும் பல மெய்நிகர் கணினிகள், ஒரே வீட்டில் பல குடித்தனம் போல. சர்வர் கூடங்கள் இரண்டு: ஒன்று சிலென்ஜேயில், ஒன்று மகேனியில். சிலென்ஜேயில் கரண்ட் போகும் நேரம் வந்தால், நசிலேலே அங்குள்ள குடித்தனங்களை ஓட்டம் நிற்காமலே மகேனிக்கு அனுப்பிவிடுவார். மகேனியில் போனால் இந்தப் பக்கம். வாடிக்கையாளர் போனை எடுப்பவன் நான். வீடு மாறியது தெரிந்து எவனும் கூப்பிட்டதில்லை.

நசிலேலே லோசி இனம். வெள்ளம் ஏறினால் அரசரைப் படகில் மேட்டுக்குக் கொண்டுபோய், வடிந்ததும் திரும்பக் கொண்டுவரும் கூட்டம். அதனாலோ என்னவோ, ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்னும் மேசையில் விரல்களால் முரசு தட்டுவார். தட்டாமல் ஒரு குடித்தனமும் நகர்ந்ததில்லை.

பாதுகாப்புக்குப் பொறுப்பு சூங்கோ. அவர் தோங்கா, மாடு வளர்க்கும் இனம். லோசிக்கும் தோங்காவுக்கும் கேலி முறை. துக்க வீட்டில்கூட ஒருவரை ஒருவர் வாரலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பெம்பாவான எனக்கு அதில் பங்கில்லை. டீயோடு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன்.

"என்ன பனா முபீத்தா, இன்னிக்கும் மீனா? ஏசி பூரா நாறுது."

"பால்லயே வளர்ந்த கன்னுக்குட்டிக்கு மீன் ருசி என்ன தெரியும் மச்சான்?"

அக்டோபர் வெயிலில் அந்தச் செய்தி வந்தது. சர்வர்களின் பிராசசரில் ஓட்டை. ஒரு குடித்தனக்காரன் நினைத்தால் பக்கத்துக் குடித்தனத்தின் ரகசியத்தை உறிஞ்சிவிடலாம். அடைக்கும் திருத்தமும் கூடவே வந்தது, வில்லங்கத்தோடு. திருத்தம் போட்ட பிராசசர் புதிதாக ஒரு பூட்டைக் காட்டும். அந்தப் பூட்டைப் பார்த்துக் கண்விழித்த குடித்தனம், அப்புறம் பூட்டில்லாத சர்வருக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

"ரெண்டு கூடத்துலயும் திருத்தம் போட்டு முடியட்டும். அதுவரைக்கும் பூட்டை மறைச்சே வைங்க" என்றார் நசிலேலே.

"மறைச்சு வச்ச பூட்டு எதைக் காக்கும்? கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கச் சொல்றீங்க" என்றார் சூங்கோ.

இரண்டு பேர் சொன்னதும் சரி. அதுதான் தலைவலி.

சூங்கோவுக்கு உறுத்தியது விதைச் சீட்டுக் கணினி. மழைக்கு முன்னால் விவசாயிகளின் போனுக்கு எண் அனுப்பும். அதைக் காட்டினால் டிப்போவில் விதை மூட்டை கிடைக்கும். அத்தனை பேரின் அடையாள எண்களும் அதற்குள் இருந்தன. மகேனியில் திருத்தம் முடிந்ததும், சிலென்ஜேயில் தொடங்கும் முன்பே, அங்கிருந்த அந்த ஒன்றுக்கு மட்டும் பூட்டைக் காட்டி, அணைத்து எழுப்பிவிட்டார். செய்ததை நசிலேலேயிடம் மறைக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை வண்டி நிறுத்துமிடத்தில், என் காதுபடவே சொன்னார்:

"பனா முபீத்தா, விதைச் சீட்டைப் பூட்டோட எழுப்பிட்டேன். உங்க படகு இனிமே திரும்பி வராது."

"மாடு மேய்க்கிறவரு படகைப் பத்திப் பேச வந்துட்டாரு" என்று சிரித்தபடி காரில் ஏறினார் நசிலேலே. சூங்கோவும் சிரித்தார். முறைக்காரர் சொன்னால் கேலி என்றுதான் எங்கள் ஊரில் எவரும் எடுத்துக்கொள்வார்கள்.

திங்கட்கிழமை விதை விநியோகம் தொடங்கியது. சொல்லிக்கொள்ளாமல் மகேனியில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. பேட்டரி மட்டுமே மிச்சம். நசிலேலே முரசு தட்டினார். மற்ற குடித்தனங்கள் எல்லாம் சிலென்ஜே வந்து சேர்ந்தன. விதைச் சீட்டு மட்டும் வரவில்லை.

"மச்சான், இது ஏன் வரமாட்டேங்குது?"

"வெள்ளிக்கிழமையே சொன்னேனே."

"கேலின்னு நினைச்சேன்."

"கேலியாத்தான் சொன்னேன். ஆனா நிஜம்."

அப்போது பார்த்து சூங்கோவின் தாய்மாமன் மோன்சே ஊர் விதை டிப்போவிலிருந்து கூப்பிட்டார். போன் சத்தமாகவே இருந்தது.

"மருமவனே, ஊரே இங்க நிக்குது. மேகம் கறுத்துக்கிட்டு வருது. நம்பர் வருமா, நான் வீட்டுக்குப் போகவா?"

"நில்லுங்க மாமா."

கணினியை அணைத்துச் சிலென்ஜேயில் எழுப்பலாம்தான். ஆனால் அது தன் கணக்கையெல்லாம் சரிபார்த்து முடிக்க மாலையாகிவிடும், டிப்போ சாத்திவிடும். வந்தவர்கள் வெறுங்கையோடு போவார்கள், முதல் மழையும் போய்விடும். சூங்கோ போனைக் கீழே வைத்தார்.

"அணைச்சுடுங்க. பேட்டரி தீர்ந்து பட்டுனு விழுந்தா இன்னும் மோசம். பூட்டில்லாமலே எழுப்பிக்கலாம்."

"எது, நீங்களா பூட்டு வேணாங்கிறது?" நசிலேலே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இங்க ஒரு சர்வரைக் காலி பண்ணித் தரேன். அதுல திருத்தத்தைப் போடுங்க, பூட்டைக் காட்டுங்க. அது வருதா வரலையான்னு பாத்துடுவோம்."

"பேட்டரி தாங்குமா?"

"அவ்வளவு பாலு குடிச்சிருக்கீங்க, கொஞ்சம் வேகமா டைப் அடிங்க."

ஒரு சர்வரிலிருந்த குடித்தனங்களைப் பக்கத்து சர்வர்களில் நெருக்கியடித்து ஏற்றினார். சூங்கோ திருத்தத்தைப் போட்டார். பிறகு அந்தச் சர்வர் எழுந்திருக்க வேண்டுமே! அந்தப் பெரிய சர்வர்கள் துயில் கலைவது கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி, அவசரமே கிடையாது. பேட்டரியின் சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கியது. நசிலேலே பேச்சை நிறுத்திவிட்டு, விரல்களை மேசைக்கு மேல் தூக்கி வைத்திருந்தார்.

சர்வர் எழுந்தது. அவர் விரல்கள் மேசையில் விழுந்தன. விதைச் சீட்டு கிளம்பியது, வழியெல்லாம் எண்களை அனுப்பிக்கொண்டே. இந்தப் பக்கம் அது கால் வைத்த கொஞ்ச நேரத்தில் மகேனி இருண்டது.

மாமா மறுபடி கூப்பிட்டார். "நம்பர் வந்துடுச்சு. மூட்டை தோள்ல இருக்கு, அப்புறம் பேசறேன்."

சூங்கோ நாற்காலியில் சரிந்து, வரப்போகும் கேலிக்காகக் காத்திருந்தார். நசிலேலே எழுந்து அவர் எதிரில் வந்து, முழங்காலை மடித்து, உள்ளங்கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டினார். பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை அது. ஒரு லோசி தோங்காவுக்குக் கை தட்டி நான் பார்த்ததில்லை.

"நீங்க சொன்னதை நான் காதுல வாங்கல. மன்னிச்சுக்கங்க."

சூங்கோவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"ஏதாவது திட்டுங்க பனா முபீத்தா" என்றார். "இப்படிப் பேசினா பயமா இருக்கு."

"மீன் இருக்கு. சாப்பிட வாங்க."

போனார். தட்டை வழித்துத் தின்றார், நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல்.