குஞ்சின் காலைத் திருகியது யார்?

1. செருப்பு டப்பா

டாக்டர் லீவில் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. கருங்கலுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் கால்நடை மருந்தகத்தில் நான் மட்டும் இருந்தேன். கால்நடை ஆய்வாளர் வேலையில் எனக்கு அது கடைசி வருடம். ஸ்டெல்லா என்ற பெண் ஒரு செருப்பு டப்பாவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

“சாரே, இதுக்க காலைப் பிடிச்சுத் திருகிப் போட்டுட்டா.”

“யாரு?”

வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “எனக்க மைனி. அண்ணனுக்க பொண்டாட்டி லில்லி. வேலிக்கு அந்தப் பக்கம்தான் வீடு.”

டப்பாவுக்குள் ஆறு நாள் வயதான நாட்டுக்கோழிக் குஞ்சு ஒன்று கிடந்தது. இரண்டு காலும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்திருந்தன. எழ முயன்றால் வயிறு தரையில் இழுபட்டது. கண் தெளிவு. தீவனத்தைக் காட்டினால் கொத்தியது. காலைத் தடவிப் பார்த்தேன். வீக்கம் இல்லை, முறிவும் இல்லை. ஒருவர் திருகியிருந்தால் ஒரு காலாவது வீங்கியிருக்க வேண்டும். இதை அன்றே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

ஸ்டெல்லா ஒரு கேரி பேக்கைத் திறந்து சணல் சாக்குத் துண்டு ஒன்றை எடுத்தாள். “நான் காலம்பற அண்டி ஆபீசுக்கு முந்திரிக்கொட்டை உடைக்கப் போனா சாயந்தரம்தான் வருவேன். நேத்து வந்து பாத்தா குஞ்சுப் பெட்டிக்குள்ள இது கிடக்கு. நான் வைக்கல்ல. பெட்டி கொஞ்சம் நீங்கியும் இருக்கு. இதுல என்னத்தத் தேச்சு வச்சாளோ!”

நடைபாதைத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை என்றும் சொன்னாள். நான் சாக்கை மோந்து பார்த்தேன். ஏதோ புளித்த நெடி. வாழைக்கன்றைக் கிளறிய கோழிகளுக்கு அரிசியில் குருணைப் பூச்சிமருந்தைக் கலந்து போட்ட ஆட்களை இந்த வேலையில் நான் பார்த்திருக்கிறேன். அந்த ஞாபகம் வந்ததும் நெடி இன்னும் கூடினதுபோல இருந்தது.

“இதை எடுத்து வீசு. குஞ்சுகளை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டுப் போ” என்றேன். வைட்டமின் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினேன்.

2. எழுதித் தராத பேப்பர்

வியாழக்கிழமை மறுபடியும் வந்தாள். டப்பாவுக்குள் இப்போது இரண்டு குஞ்சுகள்.

“பூட்டித்தானே வச்சேன் சாரே? சன்னல் வழியா என்னமோ செய்யியா. விஷம் வச்சதா ஒரு பேப்பர் எழுதித் தாங்க. ஸ்டேஷன்ல குடுக்கணும்.”

“உங்க அண்ணனையும்லா கூப்பிட்டு விசாரிப்பாங்க?”

“விசாரிக்கட்டு.”

அப்படி எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. ஆனாலும் அவள் சொன்னதை நான் முக்கால்வாசி நம்பியிருந்தேன். பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன். பூட்டிய வீட்டுக்குள் கை எப்படிப் போகும் என்ற ஒரு இடறல்தான் தடுத்தது. “நான் வீட்டை ஒரு தடவை வந்து பாக்குதேன்” என்று சொல்லி, பைக்கை எடுத்தேன்.

வீட்டின் பின்னறையில் மீதி எட்டுக் குஞ்சுகள் இருந்தன. முதலில் சன்னலைத்தான் பார்த்தேன். கம்பியில் சிலந்தி வலை அறுபடாமல் இருந்தது. பிறகு குனிந்து குஞ்சுகளைப் பார்த்தேன். பெட்டியின் அடியில் ஒரு கல்யாண ஃபிளெக்ஸ் போர்டை வெட்டி விரித்திருந்தாள். எச்சம் விழுந்தால் துடைக்க எளிது. ஒரு குஞ்சு தண்ணீர்த் தட்டுக்கு ஓடியது. ஃபிளெக்ஸில் இரண்டு காலும் வழுக்கி அகல, அப்படியே உட்கார்ந்தது. எழுந்தது, மறுபடியும் வழுக்கியது.

“இது எப்ப விரிச்சது?”

“குஞ்சு வாங்கின அன்னைக்கே.”

பிறந்த முதல் வாரத்தில் குஞ்சின் மூட்டு உறுதிப்படாது. பிடிமானம் இல்லாத தரையில் நின்றால் கால் விரிந்துபோகும். பயிற்சியில் முதல் மாதமே படித்த பாடம் இது. எனக்கு முகம் சூடாகிவிட்டது.

வேலிப் பக்கம் போய் லில்லியைக் கூப்பிட்டேன். வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்ன சாரே, கேஸா?”

“பெட்டியில சாக்கு விரிச்சது நீங்களா?”

“நான்தான். அன்னைக்குப் பெட்டி வீட்டுக்கு வெளிய, பின்னால சாய்ப்புலதான் இருந்தது. அந்தக் குஞ்சு கிடந்து கரையுது, கேட்டுக்கிட்டு இருக்க முடியல்ல. போய்ப் பாத்தா வழுக்கி வழுக்கி விழுது. புண்ணாக்குச் சாக்குல ஒரு துண்டை வெட்டி விரிச்சேன், குடிக்க வெள்ளமும் வச்சேன். தப்பா?”

“தப்பு என்னுடையதும்மா. அதை வீசச் சொன்னது நான்தான்.”

ஸ்டெல்லா உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கி வேலியோரம் கொண்டுவந்து வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

3. கட்டு

ஃபிளெக்ஸை உருவிவிட்டுச் சாக்கு விரித்தோம். ஒட்டுப் பிளாஸ்திரியை மெல்லிசாகக் கிழித்து, விழுந்த குஞ்சுகளின் இரண்டு காலையும் உடம்புக்கு நேர் கீழே கொண்டுவந்து, நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு எட்டு வடிவில் சுற்றினேன். இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், தளர்ந்தால் பயன் இல்லை. மற்றக் குஞ்சுகள் கொத்தாமல் இரண்டையும் தனியே வைக்க வேண்டும். தண்ணீர் ஆழமில்லாத மூடியில் இருக்க வேண்டும். பகலில் நாலைந்து தடவை கையால் தாங்கி நிற்க வைக்க வேண்டும்.

“பகல்ல யாரு பாத்துக்கிடுவாங்க?” என்றேன். ஸ்டெல்லாவுக்கு வேலை.

“இங்கோட்டுக் கொண்டாங்க” என்று லில்லி வேலிக்கு மேல் கையை நீட்டினாள். ஸ்டெல்லா டப்பாவைக் கொடுத்தாள். முகத்தைப் பார்த்துக் கொடுக்கவில்லை.

பிந்தி விழுந்த குஞ்சு நாலாம் நாள் நின்றுவிட்டது. முதல் குஞ்சுக்கு, நான் வீணாக்கிய இரண்டு நாளும் சேர்ந்து, பத்து நாளுக்கு மேல் பிடித்தது. அதன் இடது கால் கடைசிவரை கொஞ்சம் வெளியே சாய்ந்தேதான் இருந்தது. ஓட்டத்தில் குறை இல்லை.

அடுத்த மாதம் தடுப்பூசி போடப் போனபோது ஸ்டெல்லா என்னைத் தனியே கூப்பிட்டாள். “ரெண்டையும் இன்னும் திருப்பித் தரல்ல சாரே. அதுக்குத்தான் அன்னைக்கு அப்பிடிக் கையை நீட்டியிருக்கா.”

“போய்க் கேட்டியா?”

“கேட்டேன். சாயந்தரம் வந்து பிடிச்சிட்டுப் போன்னு சொல்லுதா. போனா காப்பி போட்டுத் தாறா, குஞ்சுக்க பேச்சை எடுத்தா நாளைக்கு வான்னு சொல்லுதா. எனக்கு ஒண்ணும் பிடிபடல்ல.”

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கால் விழுந்த குஞ்சோடு வருகிறவர் முதலில் ஒரு ஆளின் பெயரைத்தான் சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் எழுதிக்கொள்ளாதீர்கள். குஞ்சு எந்தத் தரையில் நின்றது என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் வீட்டுக்குப் போய்க் குனிந்து பாருங்கள். நான் இரண்டு நாள் தாமதமாகக் குனிந்தேன். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால், ஒரு குடும்பம் என் வார்த்தையை நம்பி ஸ்டேஷன் படி ஏறியிருக்கும்.