அம்மாவின் கெண்டைக்கால்

நடவு வேலையில் முதுகுதான் வலிக்கும் என்று வேலை தெரியாதவர்கள் நினைப்பார்கள். நட்டவளைக் கேட்டால் கெண்டைக்காலைத்தான் சொல்வாள். குனிந்தபடியே பின்னால் நகர்ந்துகொண்டே போக வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் சேறு காலைப் பிடித்துக்கொள்ளும். பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். சாயங்காலம் சதை இறுகிக் கட்டையாகிவிடும்.

அதற்கு எங்கள் தெருவில் ஒரே வைத்தியம். நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரைப் பொறுக்கிற சூட்டில் காலில் ஊற்றுவோம். பிறகு பாயில் குப்புறப் படுத்தவளின் கெண்டைக்கால் மேல் இன்னொருத்தி ஏறி மிதித்துவிடுவாள். படுத்திருப்பவள் "ஐயோ, போதும்டி" என்று ஊரைக் கூட்டுவாள். அதற்காக நிறுத்தக் கூடாது. கத்தினால் கட்டு விடுகிறது என்று அர்த்தம். சுற்றி இருப்பவர்கள், "மகாராணிக்கு வலிக்குதாம், இன்னும் நாலு மிதி போடு" என்று கேலி செய்வார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, ஒல்லி உடம்பு. தெருவுக்கே மிதிக்கிற ஆள் நான்தான். அதில் எனக்குக் கர்வம் வேறு.

கறுப்பு சிவப்புக் கொடி கோட்டைக்குப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நிலச் சட்டம் வருகிறது, வந்தேவிட்டது என்று மேடைக்கு மேடை பேசினார்கள். அது எங்கள் வரப்புக்கு வந்து சேரும் வழியில் எங்கே படுத்துத் தூங்கியதோ தெரியாது. எங்கள் தெரு முனையில் செங்கொடி ஏற்றி, கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தோம். மிராசுதார் வெளியூர்ப் பெண்களை நடவுக்கு இறக்கினார். அடிதடி, போலீஸ் வேன், கேஸ். ஆண்களில் பாதிப் பேர் தெருவில் இல்லை. ஒரு மாதம் நாங்கள் யாரும் சேற்றில் கால் வைக்கவில்லை.

திருவாரூரில் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். முடித்ததிலும் ஒரு முள் இருந்தது. வெளியூர் செட்டும் எங்கள் செட்டும் பக்கத்துப் பக்கத்து வயலில் ஐந்து நாள் நட வேண்டும். எங்கள் வரிசை பிந்தினால் பண்ணை வேலை அவர்களுக்கே போய்விடும். பிந்தாவிட்டால், ஐந்தாம் நாள் வரிசையில் நிற்பவர்களின் பேரை எழுதிக்கொள்வார்கள். இனி அந்தப் பண்ணையில் வேலை அந்தப் பட்டியலில் பேர் உள்ளவர்களுக்கு மட்டும்தான்.

எங்கள் வரிசைக்கு முதல் ஆள் அம்மா. அவள் கை போகிற வேகத்தில்தான் மற்றவர்கள் கை போகும். அப்பா செத்த பிறகு அவளுக்கென்று மிஞ்சியிருந்தது அந்த இடம் ஒன்றுதான். அதையும் பறிகொடுத்துவிடுவாளோ என்று எனக்கு ஒரே பயம்.

ஒரு மாதம் சும்மா இருந்த கால்களை விடிந்ததிலிருந்து இருட்டும்வரை சேற்றில் போட்டு வாட்டினோம். பக்கத்து வயலில் இருந்தவர்களும் எங்களைப் போலக் கூலிக்காரிகள்தான். அவர்கள் காலும் வலித்திருக்கும். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களில் யாராவது சுருண்டு விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் மத்தியானம் சேற்றிலிருந்து இடது காலை எடுத்தபோது அம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்த மாதிரி இருந்ததாம். பின்னால் யாரும் இல்லை. பொழுது சாயும்வரை அந்தக் காலை இழுத்து இழுத்தே நட்டு முடித்தாள்.

"நரம்பு இழுத்துக்கிச்சு போலருக்கு. செத்த நேரம் காலை நீட்டிப் படுத்தா சரியாப் போயிடும்" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"நாளைக்கு ஒரு நாள்தாம்மா. குப்புறப் படு. நான் எடுத்து விடறேன்" என்றேன்.

வெந்நீரை ஊற்றும்போதே காலை உள்ளே இழுத்தாள். நான் விடவில்லை. ஏறி மிதித்தேன். பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "போதும்" என்றாள். கத்தவில்லை, தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். கத்தவில்லையே, கட்டு இன்னும் விடவில்லை என்று நினைத்துக் குதிகாலால் அழுத்தினேன். மறுபடியும் அதே குரலில், "போதும்மா" என்றாள். நான் நாளைய வரிசையை நினைத்துக்கொண்டு இன்னும் நாலு மிதி போட்டேன்.

காலையில் கெண்டைக்கால் வீங்கிக் கன்றிக் கறுத்திருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடியே வயலுக்கு வந்தாள். பண்ணை வேலையை மேற்பார்க்கும் காரியக்காரர் குடையோடு வரப்பில் நின்றிருந்தார்.

"என்ன காலுல?"

"சேத்துல இழுத்துக்கிச்சுங்க" என்றாள் அம்மா. என் பக்கம் பார்க்கவே இல்லை.

"அப்ப வரப்புல உக்காருங்க."

வேலைநிறுத்தத்துக்கு முன்னால் என்றால் 'உக்காருடி' என்றிருப்பார். போராடி வாங்கிய மரியாதை அது. அதை வைத்துக்கொண்டு அம்மா வரப்பில் உட்கார்ந்தாள்.

அவள் இடத்தில் நான் நின்று நட்டேன். எங்கள் வரிசை பிந்தவில்லை. சாயங்காலம் எல்லார் பேரையும் எழுதினார்கள், என் பேர் உட்பட. அம்மா பேர் இல்லை. தெருவில் வேட்டு போட்டார்கள். அம்மா வாசலில் உட்கார்ந்து, காலைப் புடவையால் மூடிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கால் பழையபடி ஆகவில்லை. அதற்குப் பிறகு இருபது வருஷம் இருந்தாள். களத்தில் காயும் நெல்லுக்குக் கோழி விரட்டினாள். நடவுக்குப் போகும் பெண்கள் வாசலைத் தாண்டும்போது உள்ளே எழுந்து போய்விடுவாள்.

பத்தாவது படித்திருந்ததால் பின்னால் எனக்குச் சத்துணவுக் கூடத்தில் வேலை கிடைத்தது. நின்று நின்று இப்போது என் கால்களும் இறுகிவிடுகின்றன. என் மகள் தஞ்சாவூரில் பிசியோதெரபிஸ்ட். போன மாதம் வந்தபோது என் காலைப் பிடித்துவிட்டாள். அம்மாவின் காலைப் பற்றி அவளிடம் கேட்டேன். மிதித்தது யார் என்று சொல்லவில்லை.

"அது சதை கிழிஞ்சிருக்கும்மா. கல்லடி பட்ட மாதிரி இருந்தா தொடவே கூடாது. ஐஸ் வெச்சு, காலை உயரத் தூக்கி வெச்சு அப்படியே விட்டுடணும். அசந்துபோன காலைத்தான் அமுக்கலாம்."

"அசதியா கிழிசலான்னு எப்படித் தெரியும்?"

"படுத்திருக்கவங்க சொல்லுவாங்கல்ல. போதும்னா நான் உடனே கையை எடுத்துடுவேன்" என்றாள்.

"போதும்" என்றேன். உடனே கையை எடுத்தாள்.

அம்மா ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம் சேற்றில் இழுத்துக்கொண்டது என்றுதான் சொன்னாள். ஆனால் அந்த இருபது வருஷத்தில் எவ்வளவு வலித்தாலும் என்னிடம் அவள் காலை நீட்டியதே இல்லை.